சத்திலிருந்து வந்த நஞ்சு

ஆலங்காயம் பக்கம் ஒருவருக்கு ரத்தம் குறைவு என்று டாக்டர் சொல்லிவிட்டால், வீட்டுக்காரர்கள் மருந்துக்கடைக்குப் போகிற வழியிலேயே கறிக்கடையிலும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பார்கள். "சுவரொட்டி இருந்தா எடுத்து வைங்க பாய்." ஓர் ஆட்டுக்கு ஒரு மண்ணீரல்தான், கேட்கிறவர்களோ நாலு பேர் இருப்பார்கள். கிடைத்ததைத் தணலில் சுட்டோ, மிளகும் சின்ன வெங்காயமும் சேர்த்து வதக்கியோ நோயாளிக்கு மட்டும் தனியாகக் கொடுப்பார்கள். கூடவே பேரீச்சம்பழம், மாதுளை, முருங்கைக்கீரைப் பொரியல். ஜவ்வாது மலையடிவாரத்தில் களியும் சாமைச் சோறும் தின்று வளர்ந்தவர்களுக்கு, ரத்தம் என்பது சாப்பாட்டிலிருந்து ஊறுவது.

அந்த நம்பிக்கையைச் சும்மா தள்ளிவிட முடியாது. 1926இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜார்ஜ் மைனாட், வில்லியம் மர்ஃபி என்ற இரு மருத்துவர்கள், அதுவரை ஆளைக் கொன்றுகொண்டிருந்த ஒருவகை ரத்தசோகை வந்த 45 பேருக்கு அன்றாடம் ஈரல் கொடுத்துத் தேற்றினார்கள். அவர்களுக்கும், நாய்களை வைத்து ஆராய்ந்து அதற்கு வழிகாட்டிய ஜார்ஜ் விப்பிளுக்கும் 1934இல் நோபல் பரிசு கிடைத்தது. சுவரொட்டியின் ஒன்றுவிட்ட அண்ணன்தான் அந்த ஈரல்.

ரத்தப் புற்றுநோய்க்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தவில்லை. அங்கே பிரச்சினை ஊறாமல் போவது இல்லை, முதிராத வெள்ளையணுக்கள் கட்டுக்கடங்காமல் ஊறுவது. அவை எலும்பு மஜ்ஜையை அடைத்துக்கொள்வதால்தான் சிவப்பணுவுக்கும் தட்டணுவுக்கும் இடமில்லாமல் போகிறது. ஆனாலும் குழந்தைகளிடம் இந்த நோயைப் பின்வாங்க வைத்த முதல் கீமோதெரபி மருந்தின் வரலாறு தொடங்குவது சாப்பாட்டிலிருந்துதான். அதிலும் பெரும்பகுதி பம்பாய், குன்னூர், சென்னை, வேலூர் வழியாகவே போகிறது. ஓர் உயிர்ச்சத்தைத் தேடிப் போனவர்கள் அதன் போலியைச் செய்தார்கள், போலி மருந்தானது, மருந்து வந்த பிறகு சத்தை மறந்தார்கள். மறந்ததை மீட்டெடுக்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகள் சோகை பிடித்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய ரத்தத்தில் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் அளவில் பருத்தும் இருந்தன. கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார், விடை அங்கே இருந்தது. 1929இல் சில மாதங்கள் தம் ஆய்வைக் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்குக் கொண்டுபோனார். அங்கே ராபர்ட் மெக்காரிசன் உணவு ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். இந்தியாவின் வெவ்வேறு வட்டாரச் சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டு வளர்த்து, சீக்கியர் உணவு தின்ற எலி கொழுகொழுவென்றும் சென்னை மாகாணத்து அரிசிச் சோறு தின்ற எலி நோஞ்சானாகவும் இருப்பதைக் காட்டியவர் அவர். நம்மவர்களுக்குக் கொஞ்சம் சங்கடமான ஆராய்ச்சிதான். 1931 தொடக்கத்தில் வில்ஸ் சென்னை திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுதான்.

அவர் கண்ட மருந்து மார்மைட். பீர் ஆலையில் மிஞ்சும் ஈஸ்ட்டைக் காய்ச்சி எடுத்த, ரொட்டியில் தடவித் தின்னும் மலிவான கறுப்புக் குழம்பு அது. சத்துக் குறைவான தீனியால் சோகை பிடித்த குரங்கு ஒன்று அதில் தேறவே, பெண்களுக்கும் கொடுத்துப் பார்த்தார், தேறினார்கள். பாஸ்டன் மருத்துவர்கள் கண்ட ஈரல் சத்தைச் சுத்திகரித்துக் கொடுத்தபோது இந்தப் பெண்களுக்குப் பலன் இல்லை. ஆக மார்மைட்டில் இருந்தது வேறொரு பொருள். 1941இல் டெக்சாஸில் டன் கணக்கில் பசலைக்கீரையைப் பிழிந்து அதைப் பிரித்தெடுத்தவர்கள் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சத்து மாத்திரையில் இரும்போடு இருப்பது அதுதான்.

அடுத்த ஆள் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் கதர் உடுத்தியதால் அறுவை சிகிச்சைப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தவர். அவருடைய சகோதரர் இருவர் எட்டு நாள் இடைவெளியில் இறந்துபோனார்கள். காரணம் ஸ்ப்ரூ. வாய் வெந்து, நாக்குச் சிவந்து, நாள்கணக்கில் வயிறு போய், தின்றது எதுவும் உடம்பில் ஒட்டாமல் ஆள் கரைந்துபோகும் நோய். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் 1920களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். பிறகு லெடர்லி மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். அங்கே அவருடைய குழு 1940களின் நடுவில் ஃபோலிக் அமிலத்தை ஆய்வகத்திலேயே தயாரித்தது. ஸ்ப்ரூ நோயாளிகளின் ரத்தத்தைத் தேற்றியது அந்த அமிலம்.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சத்துதானே, ரத்தத்துக்கு நல்லதுதானே என்பது எண்ணம். நோய் குறையவில்லை, வேகமெடுத்தது. புற்றணுக்களும் அதே சத்தைத் தின்றுதான் பெருகுகின்றன என்பது அப்போது உறைத்தது. அப்படியானால் அந்தச் சத்தின் சாயலில் ஒரு போலியைக் கொடுத்து அணுக்களை ஏமாற்றினால்? சுப்பாராவின் குழு அமினாப்டெரினைச் செய்து அனுப்பியது. 1948 ஜூன் 3ஆம் தேதி வெளியான கட்டுரையில், கடுமையாக நோயுற்ற 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதாக ஃபார்பர் எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துவிட்டார். அமினாப்டெரினின் தம்பியான மெத்தோட்ரெக்சேட் இன்றும் வேலூரிலும் அடையாறிலும் குழந்தைகளுக்கு ஏறிக்கொண்டிருக்கிறது.

இந்த மருந்தின் பக்கவிளைவுகளைப் பட்டியல் போட்டால் வாய்ப்புண், சிவந்த நாக்கு, வயிற்றுப்போக்கு, பருத்த சிவப்பணுக்கள், மெலிவு என்று வரும். சுப்பாராவின் சகோதரர்களைக் கொண்டுபோன நோயின் அடையாளங்களும் ஏறக்குறைய இவையே. வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஃபோலிக் அமிலம் இல்லாமல் போனால் முதலில் தவிப்பது அடிக்கடி புதுப்பித்துக்கொள்ளும் இடங்கள்: மஜ்ஜை, வாய், குடல். அந்த முதல் கீமோதெரபி என்பது மருத்துவர் மேற்பார்வையில் வரவழைக்கப்பட்ட சத்துக்குறைவு.

அதற்குப்பின் வந்தவற்றிலும் இதே குணம் தெரியும். அஸ்பராஜினேஸ் என்ற ஊசி, புற்றணுக்களுக்கு வேண்டிய ஓர் அமினோ அமிலத்தை ரத்தத்திலிருந்து அழித்து அவற்றைப் பட்டினி போடுகிறது. கினிப்பன்றியின் சீரத்துக்குப் புற்றைக் கரைக்கும் சக்தி இருப்பதை 1953இல் கண்டதிலிருந்து பிறந்தது அது. சுடுகாட்டு ஓரத்தில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்கிரிஸ்டின் வந்தது. அது குடலின் அசைவையே மந்தமாக்கி மலச்சிக்கலில் விடும்.

மெத்தோட்ரெக்சேட் கால்பதித்த அதே ஆண்டுகளில் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) ஆஸ்திரேலியரான செல்வின் பேக்கரும், பின்னர் வி.ஐ. மாத்தனும் ஸ்ப்ரூவைப் பிடித்துக்கொண்டார்கள். 1960களின் தொடக்கத்தில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் அது கொள்ளைநோய் போலவே பரவியது. ரத்தத்தில் ஃபோலிக் அமிலம் எவ்வளவு, வைட்டமின் பி12 எவ்வளவு, தின்றதில் எவ்வளவு கொழுப்பு குடலில் ஏறாமல் வெளியே போகிறது என்று அளக்கும் கைத்திறன் அந்த ஆய்வகத்தில் வளர்ந்தது. நல்ல உடல்நலமுள்ள தென்னிந்தியர்களின் சிறுகுடலில் வாழும் நுண்ணுயிரிகளே பி12 தயாரிப்பதை 1980இல் 'நேச்சர்' இதழில் எழுதியவர்கள் இந்தக் குழுவினர்தான். அதே வளாகத்தில் ஷீலா பெரெய்ரா குழந்தைகளின் வைட்டமின் ஏ குறைபாட்டை ஆராய்ந்தார். சாப்பாட்டுக்கும் ரத்தத்துக்கும் உள்ள உறவை இந்தியாவில் இவ்வளவு நெருங்கிப் பார்த்த மருத்துவமனைகள் குறைவு. அங்கே மேமன் சாண்டி 1986இல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கியபோது அடித்தளம் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

ஆனால் அந்தக் காலத்துப் பொது மருத்துவச் சிந்தனை வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதற்கும் காரணம் ஒரு சென்னை ஆய்வுதான். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நோயாளிகளில் பாதிப்பேரை சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும், பாதிப்பேரை அவரவர் ஏழை வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தது. இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள். பாலும் முட்டையும் மலைக்காற்றும் இல்லாமலே மருந்து வேலை செய்யும் என்ற செய்தி உலகம் முழுக்கப் போனது. லட்சக்கணக்கான உயிர்களைக் காத்த செய்தி அது, சானடோரியங்களை மூட வைத்த செய்தியும்கூட. ஒரு பக்கவிளைவும் இருந்தது: மருந்து சரியாக இருந்தால் சாப்பாடு இரண்டாம்பட்சம் என்ற பழக்கம் படிந்துபோனது. காசநோய் மருந்து கிருமியைக் கொல்கிறது, உடம்பைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. கீமோ அப்படி விடுவதில்லை. இந்த வித்தியாசத்தை உள்வாங்க நேரமெடுத்தது.

1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் திறந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், எஸ். கிருஷ்ணமூர்த்தியும் வி. சாந்தாவும் குழந்தைகளைப் பார்த்துவந்த தொடக்க ஆண்டுகளில், கடுமையான லிம்ஃபோசைட் வகை ரத்தப் புற்றுநோயில் நூற்றுக்கு இருபது குழந்தைகள்கூட நிலைத்துப் பிழைக்கவில்லை. 1984இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் இயன் மக்ராத்தோடு சேர்ந்து அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் எம்.சி.பி. 841 என்ற ஒரே சிகிச்சைமுறைக்கு வந்தன. மையத்துக்கு மையம் வேறுபட்டாலும் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் பிழைக்கலானார்கள். பெரும் தாவல்தான். ஆனாலும் அதே மருந்துகளோடு பணக்கார நாடுகளில் கிடைத்த பலன் இங்கே வரவில்லை. தாமதமாக வருவது, பாதியில் நின்றுவிடுவது, தொற்றில் சாவது என்று காரணங்கள் பல. மெலிந்த உடம்பு அவற்றில் ஒன்று என்பதை 1989இல் மெக்சிகோவின் ருயீஸ் ஆர்குவேயஸ் குழு தெளிவாகச் சொன்னது. நோயின் கடுமை ஒன்றாக இருந்தும், மெலிந்த குழந்தைகள் ஊட்டமான குழந்தைகளைவிட மிகவும் குறைவாகவே பிழைத்தார்கள். மெலிந்த குழந்தையின் ரத்த அணு எண்ணிக்கை (கவுண்ட்) சீக்கிரம் விழுகிறது. விழுந்ததும் மருந்தைக் குறைக்கிறார்கள். குறைத்ததும் நோய்க்கு இடம் கிடைக்கிறது.

மெலிவை எப்படி அளப்பது என்பது அடுத்த சிக்கல். தராசு இங்கே நம்பத்தக்க சாட்சி அல்ல. நோயோடு வரும் குழந்தைக்கு ஈரலும் மண்ணீரலும் வீங்கியிருக்கும். அந்த வீக்கத்துக்கும் எடை உண்டு. கையில் ஏறும் குளுக்கோஸுக்கும் எடை உண்டு. பிறகு வருகிறது ஸ்டீராய்டு மாதம். சிகிச்சையின் முதல் நாலைந்து வாரம் பிரெட்னிசோலோனோ டெக்சாமெத்தசோனோ கொடுக்கிறார்கள். பிள்ளைக்கு அகோரப் பசி. நடுராத்திரியில் எழுந்து சோறு கேட்கும். கன்னம் உப்பும், வயிறு முன்னால் தள்ளும். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள், "நல்லா பூசினாப்புல ஆயிட்டான், தேறிட்டான்" என்பார்கள். தராசும் ஆமாம் என்று தலையாட்டும். அந்த மாதத்தில் கூடியது கொழுப்பும் நீரும். தொடையிலும் புஜத்திலும் சதை கரைந்திருக்கும். படியேற முட்டியில் கையூன்றும் பிள்ளையைப் பார்த்தால் தெரியும். லாஸ் ஏஞ்சலீஸ் குழந்தைகள் மருத்துவமனையின் எடான் ஆர்கெல் குழு, குறைந்த கதிரால் உடம்பைப் படமெடுத்துச் சதையையும் கொழுப்பையும் தனித்தனியே கணக்கிட்டு இதையே காட்டியது: உயரத்துக்கு ஏற்ற எடை என்ற கணக்கு இந்தக் குழந்தைகளில் சதை இழப்பை மறைத்துவிடுகிறது.

இந்தியர்களுக்கு இது புதிதல்ல. புனேயின் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவரின் படத்தையே போட்டார்கள். உயரத்துக்கு எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. கொழுப்பு மட்டும் லண்டன்காரருக்கு 9.1 விழுக்காடு, புனேக்காரருக்கு 21.2. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுத்த உடம்பு என்பது நம் பிறவிச் சொத்து. ஸ்டீராய்டு அதன் மேல் வந்து உட்காருகிறது.

எல்லா ஊரிலும் படமெடுக்கும் கருவி கிடையாது. அதற்கு முந்தைய, எளிய வழி ஒன்று உண்டு. அங்கன்வாடியில் ஆயா குழந்தையின் புஜத்தில் சுற்றிப் பார்க்கும் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பட்டியின் வழி அது. 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு. டி.பி. ஜெலிஃப் 1966இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய நூலில் இதோடு இன்னோர் அளவையும் சேர்த்தார். புஜத்தின் பின்பக்கம் தோலை இரு விரலால் கிள்ளிப் பிடித்து இடுக்கி போன்ற கருவியால் அதன் தடிமனை எடுக்க வேண்டும். அந்தத் தடிமனை 3.14ஆல் பெருக்கிப் புஜச் சுற்றளவிலிருந்து கழித்தால் சதையின் சுற்றளவு வந்துவிடும். இரண்டு பிள்ளைகளுக்கும் புஜம் 16 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவனுக்குத் தோல்மடிப்பு 6 மில்லிமீட்டர், இன்னொருவனுக்கு 12. முதல்வனுக்குச் சதை 14.1 சென்டிமீட்டர், அடுத்தவனுக்கு 12.2. தராசில் இருவரும் ஒன்றாக நிற்கலாம். மருந்தைத் தாங்குவதில் ஒன்றல்ல. கனடாவின் ரொனால்ட் பார் போன்ற குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்கள் ஏழை நாடுகளுக்கு இந்தக் கையளவைத்தான் வற்புறுத்தி வந்திருக்கிறார்கள்.

என்ன கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதில் மருத்துவமனைகளும் தடுமாறியிருக்கின்றன. 1970களில் கிருமி புகாத காற்றறைகளில் நோயாளிகளை வைத்தபோது பிறந்தது பச்சையாக எதுவும் கூடாது என்ற சட்டம்: பழம் கூடாது, பச்சை வெங்காயம் கூடாது. ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனை 153 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வேகவைத்தது மட்டும், மறு பாதிக்குக் கழுவிய பழமும் காய்கறியும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து 2008இல் முடிவை வெளியிட்டது. பெரும் தொற்றில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மெர்காப்டோப்யூரின் என்ற கீமோ மாத்திரையைப் பாலோடு தரக் கூடாது, வெறும் வயிற்றில் ராத்திரிதான் தர வேண்டும் என்ற இன்னொரு விதியும் பல ஆண்டு நடந்தது. பாலில் உள்ள ஒரு நொதி மருந்தைச் சிதைக்கும் என்ற அச்சம். தூங்கப் போகும் பிள்ளைக்கு ஒரு தம்ளர் பால் கொடுக்கும் வீடுகளில் அந்த விதி என்ன பாடுபடுத்தியிருக்கும்! 2017இல் அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய்க் கூட்டமைப்பின் ஆய்வு, அந்தக் கட்டுப்பாட்டைக் கடைப்பிடித்தவர்களுக்கும் பிடிக்காதவர்களுக்கும் நோய் திரும்புவதில் வித்தியாசம் இல்லை என்றது. முக்கியம், மாத்திரையை மறக்காமல் விழுங்குவது.

வேலூர் தனக்கேற்ற ஓர் ஏற்பாட்டை உண்டாக்கிக்கொண்டது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறவர்கள் சி.எம்.சி.யைச் சுற்றிய தெருக்களில் அறையெடுத்து, அடுப்பும் குக்கரும் வாங்கி, மாதக்கணக்கில் சொந்தச் சமையலில் நோயாளியைப் பார்த்துக்கொள்வது அந்த ஊரின் வழக்கம். விக்ரம் மாத்யூஸ், சாண்டி முதலியோரின் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வு இந்த வழக்கத்தோடு இயல்பாகப் பொருந்தியது. புரோமைலோசைட் வகை ரத்தப் புற்றுநோய் வந்த 72 பேருக்கு வழக்கமான கீமோவே இல்லாமல் ஆர்செனிக் டிரையாக்சைடு ஒன்றை மட்டும் கொடுத்தார்கள். 86 விழுக்காட்டினருக்கு நோய் முழுமையாகப் பின்வாங்கியது. பழைய பாஷாணம்தான், ஆனால் வாயையும் குடலையும் அவ்வளவாகப் புண்ணாக்குவதில்லை. செலவும் குறைவு. வாய் புண்ணாகாதவன் சாப்பிடுவான், அறையிலேயே தங்கி மருந்துக்கு மட்டும் வந்து போவான். சிகிச்சையின் வெற்றியில் இந்தச் சோற்றுக் கணக்குக்கும் பங்குண்டு என்று நினைக்க இடமிருக்கிறது. ரத்தவியல் துறை இப்போது ராணிப்பேட்டை வளாகத்துக்கு மாறிவிட்டது.

"நாங்க எதைத் தப்பாக் கொடுத்தோம் டாக்டர்?" என்று தாய்மார் கேட்பார்கள். ஒன்றும் தப்பாகக் கொடுக்கவில்லை. சாப்பாட்டுக் குறையால் வரும் நோயல்ல இது. தெரிந்த காரணங்களில் ஒன்று பென்சீன், அதைத் தோல், செருப்புத் தொழில் நடக்கும் இந்த வட்டாரம் அறிந்திருக்க வேண்டும். இஸ்தான்புல்லின் முசாஃபர் அக்சாய், பென்சீன் கலந்த பசையோடு வேலை செய்த 28,500 செருப்புத் தொழிலாளரிடையே 1967 முதல் 1973 வரை 26 பேருக்குக் கடும் ரத்தப் புற்றுநோயோ அதன் முன்னிலையோ வந்ததை 1974இல் எழுதினார். பென்சீனைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1971ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா 1991இல் இணைந்தது.

சாப்பாட்டைப் பற்றி ஆர்கெலின் குழு 2021இல் இன்னொரு முடிவை வெளியிட்டது. பத்து முதல் 21 வயதான 40 ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு முதல் மாதச் சாப்பாட்டைக் குறைத்து, நடக்கவும் பயிற்சி செய்யவும் வைத்தார்கள். மாத முடிவில் மிஞ்சிய புற்றணு, முன்பு அங்கே சிகிச்சை பெற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஃபார்பர் கண்டதன் தூரத்து எதிரொலி இது. இதைப் படித்துவிட்டு ஆலங்காயத்தில் ஒரு நோஞ்சான் பிள்ளையின் தட்டைக் குறைத்தால் விபரீதம். அங்கே தடுத்தது பருத்த உடம்புகளில் மேலும் கொழுப்பு ஏறுவதை. இங்கே காக்க வேண்டியது புஜத்தில் மிச்சமிருக்கும் சதையை.

சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், ஜார்க்கண்டில் நோயாளி வீட்டாருக்கு உணவுப் பொட்டலம் கொடுத்து மற்றவர்களோடு சேர்ந்து நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. 1950களில் சாப்பாட்டை இரண்டாம் இடத்துக்கு அனுப்பிய அதே நிறுவனம் அதைத் திரும்பக் கூப்பிட்டது. காசநோயாளிக்குச் சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் மத்திய அரசு தருகிறது. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைக்குக் கீமோ செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. வார்டில் இருக்கும்வரை சாப்பாடும் கிடைக்கும். அதன்பின் வீட்டில் மாத்திரையோடு ஏறத்தாழ இரண்டு ஆண்டு. கவுண்ட் விழுந்த வாரங்களில் கூட்டத்தில் விட வேண்டாம் என்று டாக்டர் சொல்ல, பிள்ளை பள்ளிக்குப் போவதில்லை. தமிழ்நாட்டுச் சத்துணவில் 2010 முதல் வாரம் ஐந்து முட்டை உண்டு. பள்ளிக்கு வராத பிள்ளைக்கு அது வீடு தேடி வருவதில்லை.